ஒரு பல் தவறினால்…

அதிகாலை ஐந்து மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோயில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் அது. முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிவரும் வெள்ளைப் பேருந்துகள், வேன்கள், கார்கள் எல்லாம் நாலா பக்கமும் பிரிந்து போகும். அந்த நேரத்தில் ஒரு வண்டி வரவில்லை என்றால் நாலு பேருக்கு ஷிப்ட் போய்விடும். வண்டிக்காரருக்கு அன்றைய ட்ரிப் போகும். இரண்டு மூன்று நாள் இப்படி ஆனால் கான்ட்ராக்டே போய்விடும்.

அப்படி வராமல் போன ஒரு வண்டியின் கதை இது. நிஸான் சன்னி டீசல், இரண்டாம் கையாக வாங்கியது. மாதாமாதம் டியூ கட்டி ஓட்டுகிற வண்டி. சனிக்கிழமை இரவு அதற்கு டைமிங் பெல்ட் மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வெகுநேரம் செல்ப் அடித்த பிறகு ஸ்டார்ட் ஆனது. ஆனால் இஞ்சின் கிடுகிடுவென்று ஆடியது. பின்னால் வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கும் டீசல் நெடி. ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுவையே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வரை நன்றாக ஓடிய வண்டி அது!

பெல்ட்டுக்கு என்ன வேலை?

டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் சிலிண்டருக்குள் இழுத்து, அதை நெருக்கோ நெருக்கு என்று நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைப்பதுதான் ருடால்ஃப் டீசலின் யோசனை. 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அந்த இஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் இஞ்சின் காற்றைப் பத்துப் பங்கு வாக்கில் சுருக்கும் என்றால், டீசல் இஞ்சின் பதினைந்திலிருந்து இருபது பங்குக்கு மேலும்கூடச் சுருக்கும். சைக்கிள் பம்பின் நுனி சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். அதே சங்கதிதான், அளவுதான் பெரிது.

காற்று சரியாக நெருங்க வேண்டுமானால் வால்வுகள் சரியான நொடியில் மூடியிருக்க வேண்டும். வால்வைத் திறந்து மூடுவது மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட். பிஸ்டனை ஏற்றி இறக்குவது கீழே இருக்கும் கிராங்க் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கும் கயிறுதான் டைமிங் பெல்ட்.

சில இஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கும். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வெர்னா 1.6 சிஆர்டிஐ வண்டியில் செயின்தான். கனரக லாரி இஞ்சின்களில் பொதுவாகப் பல்சக்கரத்தோடு பல்சக்கரம் கோத்திருக்கும். ஆனால் ஒரகடத்தில் 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட ரெனோ - நிஸான் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த டீசல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே இஞ்சின், பெல்ட் இஞ்சின். மைக்ரா டீசல், 2011இல் வந்த சன்னி, 2012இல் வந்த டஸ்டர் எல்லாவற்றிலும் பானட்டைத் திறந்தால் அதே 1461 சிசி, நான்கு சிலிண்டர், எட்டு வால்வு கே9கே இஞ்சின்தான். அதில் ஒரே பெல்ட் கேமையும், உயர் அழுத்த டீசல் பம்பையும், தண்ணீர் பம்பையும் சேர்த்துச் சுற்றும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது ரெனோ, நிஸான் இரண்டுமே இந்தியாவில் டீசல் கார்களை நிறுத்திவிட்டன. 2025இல் நிஸானின் பங்கையும் ரெனோ வாங்கிக்கொண்டது. தொழிற்சாலையில் டீசல் நின்றுவிட்டது, சாலையில் நிற்கவில்லை. அந்த வண்டிகள் இரண்டாம் கை, மூன்றாம் கை என்று மாறி, அதே தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. முதல் பெல்ட்டை கம்பெனி சர்வீஸில் மாற்றியிருப்பார்கள். அடுத்த பெல்ட் பெரும்பாலும் வெளிப் பட்டறையில்தான்.

ஒரு பல் என்பது எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் தீவிரம் புரியும். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பற்கள், கேம் பல்சக்கரத்தில் 40 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. 20ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு 18 டிகிரி. அதாவது பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால், பிஸ்டன் இருக்க வேண்டிய இடத்துக்கும் வால்வு இருக்க வேண்டிய இடத்துக்கும் நடுவே கிராங்க் கணக்கில் 18 டிகிரி பிசகு. வெறும் ஐந்து டிகிரி பிசகினாலே டீசல் இஞ்சின் முகம் சுளிக்கும். பதினெட்டு என்பது பெரிய தப்பு.

எந்தப் பக்கம் பிசகியது என்பதும் முக்கியம். கேம் பின்தங்கிவிட்டால் காற்று வரும் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்தே இருக்கும். இழுத்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும். நெருக்குவதற்குக் காற்று குறைவு, அதனால் சூடு குறைவு. டீசல் பற்றாமல் ஆவியாகவே வெளியேறும். அந்த ஆவிதான் வெள்ளைப் புகை, கண் எரிச்சல். குளிர்ந்த இஞ்சினில் ஸ்டார்ட் செய்ய மூச்சு முட்டுவதும் அதனால்தான். கேம் முந்திக்கொண்டால் ஸ்டார்ட் ஆவது அவ்வளவு சிரமமாக இருக்காது, ஆனால் வேகம் ஏற ஏற மூச்சு வாங்கும்.

இரண்டு மூன்று பல் தவறினால்? டீசல் இஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே இடமே இருக்காது. திறந்த வால்வின் மேல் பிஸ்டன் போய் முட்டும். வால்வு வளையும். ஹெட்டைக் கழட்ட வேண்டும். செலவு ஆயிரங்களில் நிற்காது.

இங்கே பழைய இஞ்சினுக்கும் புது இஞ்சினுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டாடா இண்டிகா டீசலின் முதல் வண்டிகளைப் போல மெக்கானிக்கல் பம்ப் உள்ளவற்றில், பெல்ட் பிசகினால் டீசல் தெளிக்கும் நேரமும் சேர்ந்து பிசகும். முந்தித் தெளித்தால் சுத்தியலால் தட்டுவது போல ‘டக் டக்’ சத்தம். பிந்தித் தெளித்தால் வெள்ளைப் புகை. காமன் ரெயில் வண்டியில் தெளிக்கும் நேரத்தைக் கணினி தீர்மானிக்கிறது. அது கிராங்க் சென்சாரைப் பார்த்துத் தெளிக்கிறது. அதனால் பெல்ட் ஒரு பல் தவறினாலும் டீசல் ஏறக்குறைய சரியான நேரத்தில்தான் விழும். வால்வுதான் தப்பான நேரத்தில் ஆடும். ‘பம்ப் டைமிங் போச்சு’ என்று காமன் ரெயில் வண்டிக்குச் சொல்கிறவர்கள் பழைய ஞாபகத்தில் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிடைத்த யோசனைகள்

சன்னி வண்டிக்காரர் பெல்ட் மாற்றிய இளம் மெக்கானிக்குக்குப் போன் செய்தார். அவர் எடுக்கவில்லை. தெரிந்த நாலு டிரைவர்களிடம் கேட்டார். ஒருவர் “இன்ஜெக்டர் போயிருக்கும்ணே” என்றார். இன்னொருவர் பம்ப் என்றார். மூன்றாமவர் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரை அழைத்து வந்தார். கேம் - கிராங்க் ஒத்துப்போகவில்லை என்று திரையில் வந்தது. பி 0016 என்பது அந்தக் கோளாறின் எண். ஸ்கேனர்காரர் கேம் சென்சாரை மாற்றச் சொன்னார். புது சென்சார் வாங்கி மாட்டினார்கள். வண்டி அப்படியே இருந்தது. அதே எண் திரும்ப வந்தது.

ராமாயணத்தில் அனுமனைக் கொல்லச் சொன்னபோது, தூதனைக் கொல்லக் கூடாது என்று விபீஷணன் தடுத்தான் அல்லவா? சென்சாரும் தூதன்தான். கிராங்க் இங்கே இருக்கிறது, கேம் அங்கே இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அது உண்மையைச் சொல்கிறது. சென்சாரே கெட்டுப்போனால் வரும் எண்கள் வேறு. கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் பழுது என்றால் பி 0335. கேம் சென்சாரின் மின்சுற்றில் பழுது என்றால் பி 0340. பெல்ட் மாற்றிய மறுநாள் பி 0016 வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெல்ட்டை.

எண் வராவிட்டாலும் பெல்ட் சரி என்று அர்த்தம் இல்லை. எவ்வளவு பிசகு வரை பொறுத்துக்கொள்வது என்று ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அளவு வைத்திருப்பார்கள். அதற்குள் இருந்தால் அது வாயைத் திறக்காது.

படப்பை பக்கத்துப் பெரியவர்

கடைசியில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு படப்பை பக்கம் ஒரு ஷெட்டுக்குப் போனார்கள். அங்கே இருந்த பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டிக்காரர் சாவியைப் போட்டு, “இப்ப பாருங்கண்ணே” என்று செல்ப் அடிக்கப் போனார். பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“செல்ப் அடிக்காத தம்பி. மொதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு.”

பெல்ட் வேலைக்குப் பிறகு தகராறு செய்யும் வண்டியில் முதல் விதி இதுதான். பெல்ட் பிசகியிருந்தால் ஒவ்வொரு முறை செல்ப் அடிப்பதும் வால்வோடு சூதாடுவது. அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் இஞ்சினைச் சுழற்றக் கூடாது.

இரண்டாவது விதி, கேள்வி. பெல்ட் மாற்றுவதற்கு முன் இந்தத் தொல்லை இருந்ததா? இல்லை. பெல்ட்டுக்காக வேறு எதையெல்லாம் கழட்டினார்கள்? இந்த இஞ்சினில் பெல்ட்டைத் தொட வேண்டுமானால் அடியில் ஜாக்கி கொடுத்து, வலது பக்க இஞ்சின் மவுண்டிங்கைக் கழட்ட வேண்டும். டீசல் பைப்புகளையும் வயர்களையும் ஒதுக்க வேண்டும். அதனால் பெல்ட் சரியாகவே இருந்து வேறு ஏதோ விட்டுப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

பெரியவர் அதைத்தான் முதலில் பார்த்தார். டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா? பானட்டுக்குள் இருக்கும் ரப்பர் குமிழை அழுத்தி அழுத்திப் பார்த்தார். குமிழ் இறுகியது, குழாயில் காற்றுக் குமிழி இல்லை. சென்சார் கனெக்டர்கள் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்திருக்கின்றனவா? இருந்தன. டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயின் கிளிப் கழன்றிருக்கிறதா? இல்லை. பேட்டரி? இரண்டு நாளாகச் செல்ப் அடித்ததில் கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். பத்து நிமிடம் ஆனது, பைசா செலவில்லை.

பிறகுதான் மேல் கவரைக் கழட்டினார்.

பின்னும் சுற்றும்

நேரம் சரியா என்று பார்க்கத் தொழிற்சாலையே ஒரு வழி வைத்திருக்கிறது. முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது கிராங்க்கை நிறுத்த, இஞ்சின் பிளாக்கில் ஒரு பின்னைத் திருகுவார்கள். கிராங்க் அதில் வந்து முட்டி நிற்கும். அதே சமயம் கேம் பல்சக்கரத்தில் இருக்கும் துளை, ஹெட்டில் இருக்கும் துளையோடு நேராக இருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு பின் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு பின்னும் ஒன்றாகப் போனால் டைமிங் சரி. கண்ணால் மதிப்பிடும் வேலையே இல்லை.

பெரியவர் நான்கு க்ளோ பிளக்குகளையும் கழட்டினார். காற்று வெளியேற வழி இருந்தால் இஞ்சினைக் கையால் சுற்றுவது லேசு. பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு, இஞ்சின் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றினார். கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்றக் கூடாது. பின்பக்கமாகவும் சுற்றக் கூடாது. நடுவில் எங்கேயாவது இரும்பில் இரும்பு முட்டுவது போல் ‘ணக்’ என்று நின்றால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பலத்தைக் காட்டும் இடம் அது அல்ல.

எங்கும் முட்டவில்லை. கிராங்க் பின் உட்கார்ந்தது. கேம் பின் போகவில்லை. துளை ஒரு பல் அளவுக்குப் பின்தங்கி நின்றது.

வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். “இந்த ஒரு பல்லுக்கா அண்ணே இத்தனை கூத்து?”

“ஒரு பல்லுக்குத்தான். இன்ஜெக்டரை மாத்தியிருந்தா உன் நாலு மாச டியூ போயிருக்கும். பல்லு அப்படியே இருந்திருக்கும்.”

ஏன் தவறியது?

பெல்ட்டின் ஒரு பக்கம் இழுக்கும் பக்கம், இன்னொன்று டென்ஷனர் இருக்கும் பக்கம். புது பெல்ட்டைப் போடும்போது இழுக்கும் பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு எல்லாம் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். மாற்றி, இழுக்கும் பக்கத்தில் கொஞ்சம் தொய்வை விட்டுவிட்டு டென்ஷனரை இறுக்கினால், கிராங்க் சுற்றத் தொடங்கும்போது முதலில் அந்தத் தொய்வு இழுபடும். அதன் பிறகுதான் கேம் நகரும். கேம் பின்தங்கிவிடும். சன்னியில் நடந்தது இதுதான்.

வேறு காரணங்களும் உண்டு. பழைய பெல்ட்டைக் கழட்டுவதற்கு முன் பெல்ட்டிலும் பல்சக்கரத்திலும் வெள்ளை பெயிண்ட் தொட்டு வைத்து, புது பெல்ட்டில் அந்தக் கோடுகளைப் பார்த்து எழுதிப் போடுவது பட்டறை வழக்கம். பழைய பெல்ட் சரியாக இருந்து, பல் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்து, கழட்டும்போது எதுவும் நகராமல் இருந்தால் அது பலிக்கும். ஆனால் பெல்ட் கழன்ற நொடியில் வால்வு ஸ்பிரிங்குகள் கேமைத் தள்ளிவிடலாம். பின் போட்டிருந்தால் தள்ளாது.

சில இஞ்சின்களில் கிராங்க் பல்சக்கரத்துக்குச் சாவி கிடையாது. முன் போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அதைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ, டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை அளவுக்கு இறுக்கினாலோ, ஓட ஓட அது வழுக்கும். முதல் நாள் சரியாக ஓடி மூன்றாம் நாள் மக்கர் பண்ணும் வண்டிகளில் இதைப் பார்க்க வேண்டும். அந்த போல்ட் ஒரு முறை இழுபட்டால் நீண்டுவிடும் வகை என்றால், பழையதையே திரும்பப் போடக் கூடாது.

டென்ஷனர் தளர்ந்திருந்தால் பெல்ட் பல் தாண்டும். அதிகம் இறுக்கினால் ‘உய்ய்ங்’ என்று ஊளையிடும், பேரிங் சீக்கிரம் போகும். தண்ணீர் பம்ப் கசிந்தால் பெல்ட் நனையும், பம்ப் பிடித்துக்கொண்டால் பெல்ட் அறுபடும். பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்வது கடைக்காரரின் வியாபாரத் தந்திரம் அல்ல. பெல்ட்டையே உள்ளங்கையில் மடித்துப் பார்க்கக் கூடாது, ரப்பருக்குள் கண்ணாடி இழை நரம்புகள் இருக்கின்றன.

இரண்டு சுற்று

பெரியவர் பெல்ட்டை எடுத்து, இரண்டு பின்னையும் போட்டு, இழுக்கும் பக்கம் விறைப்பாக வைத்து, டென்ஷனரின் முள் குறியில் நிற்கும்படி இறுக்கினார். பின்னைக் கழட்டினார். கையால் இரண்டு முழுச் சுற்று. மறுபடி பின். இரண்டும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கின.

ஏன் இரண்டு சுற்று? கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரும். எங்காவது தொய்வு ஒளிந்திருந்தால் அந்த இரண்டு சுற்றில் வெளியே வந்துவிடும். இங்கே ஒரு குழப்பம் பலருக்கு வரும். புது பெல்ட்டின் மேல் அச்சடித்த கோடுகள் இரண்டு சுற்றுக்குப் பிறகு பழைய இடத்துக்கு வராது. பெல்ட்டின் பல் எண்ணிக்கையும் சக்கரத்தின் பல் எண்ணிக்கையும் வேறு வேறு, அதனால் பல சுற்றுக்குப் பிறகுதான் அவை மறுபடி சேரும். அதைப் பார்த்துப் பயந்து சரியாக இருந்ததைத் தப்பாக்கியவர்கள் உண்டு. சக்கரங்களின் குறியும் பின்னும்தான் பேசும், பெல்ட்டின் கோடு மாட்டும்போது மட்டும் உதவும்.

அடுத்து, க்ளோ பிளக் துளைகளில் மீட்டரை வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தார். இப்போதுதான் செல்ப் அடிக்க அனுமதி. ஆரோக்கியமான டீசல் இஞ்சினில் 20 பாருக்கு மேல் காட்ட வேண்டும். அளவை விட முக்கியமானது நான்கும் ஒத்துப்போகிறதா என்பது. நான்கும் சமமாகக் குறைந்தால் டைமிங்கைச் சந்தேகிக்கலாம். ஒன்றோ இரண்டோ மட்டும் குறைந்தால் அங்கே வால்வு வளைந்திருக்கலாம். பெல்ட்டைச் சரியாகப் போட்ட பிறகும் அப்படி இருந்தால் ஹெட்டைக் கழட்டுவதைத் தவிர வழியில்லை. மீட்டர் இல்லாவிட்டால் காதே போதும் என்பார்கள் அனுபவஸ்தர்கள். நல்ல இஞ்சின் செல்ப் அடிக்கும்போது ‘ருக்… ருக்… ருக்… ருக்…’ என்று ஒரே தாளத்தில் சுற்றும். ஒரு சிலிண்டர் போனால் தாளத்தில் ஒரு இடம் விட்டுப்போகும். எல்லாம் போனால் ‘விர்ர்ர்’ என்று மின்விசிறி போலச் சுற்றும்.

நான்கும் சரியாக இருந்தன. வண்டிக்காரர் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இஞ்சின் எழுந்தது. கொஞ்ச நேரம் பழைய டீசல் ஆவி வெள்ளையாகப் போனது, பிறகு அதுவும் நின்றது.

தொழிற்சாலைக்கு உள்ளேயும் வெளியேயும்

பெரியவர் கூலி வாங்கிக்கொண்ட பிறகு ஒரு காரியம் செய்தார். வண்டிக்காரரிடம் நம்பர் வாங்கி, பெல்ட் மாற்றிய பையனுக்குத் தன் போனிலிருந்து பேசினார். “தம்பி, வண்டி சரியாயிடுச்சு. ஒரு பல்லு பின்னால இருந்துச்சு. நேரம் கெடைச்சா வந்து பாத்துட்டுப் போ, பின்னு எங்கிட்ட இருக்கு” என்றார். திட்டவில்லை. காலையிலிருந்து போன் எடுக்காத பையன் சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தான். சனிக்கிழமை இரவு பத்து மணி, செல்போன் டார்ச் வெளிச்சம், காலை ஐந்து மணிக்கு வண்டி வேண்டும் என்ற அவசரம். கையால் சுற்றிப் பார்க்காமலேயே செல்ப் அடித்ததாக ஒத்துக்கொண்டான். சென்சாருக்கு ஆன காசையும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னான்.

ஒரகடத்தில் கார் தயாராகும் தொழிற்சாலைக்குள் இந்தத் தவறு நடப்பது மிகக் கடினம். அங்கே இஞ்சினைப் பிடித்து நிறுத்த அச்சுகள் உண்டு, போல்ட்டை அளந்து இறுக்கும் கருவி உண்டு, அளவு வராவிட்டால் லைனே நகராது. ஒரு தொழிலாளி களைத்திருந்தாலும் கருவி களைக்காது. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, சில கிலோமீட்டர் தள்ளி, அதே இஞ்சினை ஒரு பையன் டார்ச் வெளிச்சத்தில் திறக்கிறான். அங்கே லைனை நிறுத்த யாரும் இல்லை. அவனுடைய பொறுமை மட்டும்தான் கருவி. இரண்டு பின், ஒரு ஸ்பானர், கையால் இரண்டு சுற்று. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் பணயமாகிறது.

பெல்ட் மாற்றக் கொடுக்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். ‘காலையில் வண்டி வேண்டும்’ என்று இரவில் கொடுக்காதீர்கள். ‘பின் செட் இருக்கிறதா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ‘செல்ப் அடிக்கிறதுக்கு முன்னாடி கையால சுத்திப் பாத்துட்டீங்களா?’ என்று இன்னொரு வார்த்தை. பிறகும் தகராறு செய்தால், கடைசியாக எந்த இடத்தில் கை பட்டதோ அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். நேற்று வரை நன்றாக இருந்த இன்ஜெக்டர் நான்கும் ஒரே இரவில் கெடுவது அபூர்வம். நேற்று இரவு கழட்டி மாட்டியது தப்பாக இருப்பது சகஜம்.

திங்கட்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு அந்த வெள்ளை சன்னி சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டியது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.